நூற்றி நாலாம் வீட்டைச் சுற்றிப் போன வாத்துகள்

மார்கழி பிறந்த நான்காம் நாள், காலை ஐந்தே முக்கால் மணிக்கு, நீலத்தாமரை அடுக்ககத்தின் முதல் மாடியில், நூற்றி ஒன்றாம் வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து ஒரு தட்டைவாயன் வாத்து புறப்பட்டு, டைல்ஸ் தரைக்குள் பாதி உடம்பு அமிழ்ந்தபடி நீந்தி, ஃபிரிட்ஜைக் கடந்து, சோபாவுக்கு அடியில் நுழைந்து, எதிர்ச்சுவருக்குள் போய் மறைந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பதினொன்று வந்தன. வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு மனைவியைக் கூப்பிட்டு, "கதவ யாரு தொறந்து போட்டது?" என்று கேட்டார். அத்தோடு அவருடைய வியப்பு தீர்ந்துவிட்டது.

அதே நேரம் கீழ்த்தளத்துக்காரர்கள் படுக்கையில் மல்லாந்தபடி வேறொன்றைப் பார்த்தார்கள். கூரையிலிருந்து ஆரஞ்சு நிறக் கால்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கி, துடுப்புப் போட்டுக்கொண்டு, மின்விசிறியைச் சுற்றி வளைந்து, பூஜை அலமாரிக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தன. சில சமயம் ஒரு தலை கூரையைத் துளைத்துக்கொண்டு தலைகீழாக இறங்கி, அலகால் காற்றைச் சலித்துவிட்டு மேலே ஏறியது. அந்தத் தலைக்குரிய வால் அந்த நேரத்தில் மேல்வீட்டுத் தரையில் செங்குத்தாக நட்டுக்கொண்டு நின்றது. தரை நனையவில்லை, கூரை ஒழுகவில்லை. கொக்கந்தாங்கல் ஏரியின் பழைய நீர்மட்டம் சரியாக முதல் மாடித் தரையில் இருந்தது, அவ்வளவுதான் விஷயம். பனிபடர்ந்த நாடுகளிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிற ஒரு ஜீவனுக்கு, நடுவில் யாரோ நாலு மாடி கட்டிவிட்டார்கள் என்பதற்காக ஏரியை ரத்து செய்ய மனம் வரவில்லை. இத்தனை வருடம் வராமல் இப்போது ஏன் வந்தன என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் பால் பாக்கெட் வந்துவிட்டது.

ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப்போயிற்று. முதல் மாடிக்காரர்கள் பேருந்தில் நிற்பவர்களை விலக்குவதுபோல் "கொஞ்சம் தள்ளு, கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிக்கொண்டே காபி டம்ளரோடு நடக்கக் கற்றுக்கொண்டார்கள். சென்னைக் குளிர் இருபத்திரண்டு டிகிரிக்கு இறங்கி, குரங்குக் குல்லாயும் மப்ளரும் வெளியே வந்திருந்ததால், கீழ்த்தளத்தில் மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் போட்ட விதியை யாரும் எதிர்க்கவில்லை. பூநாரை வரும், இளஞ்சிவப்பாக இருக்கும், படம் எடுத்துப் போடலாம் என்று காத்திருந்தவர்கள், வந்தவை எல்லாம் பழுப்பும் கருப்புமாக இருக்கக் கண்டு, சங்கத்துக்கு எழுத்து மூலம் அதிருப்தி தெரிவித்தார்கள். நாமக்கோழி வந்தபோதுதான் கொஞ்சம் சிக்கலானது. கன்னங்கரேலென்ற பறவை, நெற்றியில் மட்டும் பளீரென்று ஒரு வெள்ளை. அது வடகலையா தென்கலையா என்று நூற்றி இரண்டாம் வீட்டில் வாய்த்தகராறு முற்றி, இரண்டு சம்பந்திகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

"அது நாமம் இல்ல சார். வழுக்கை" என்று சொல்லிப் பார்த்தார் பரஞ்சோதி. சம்பந்திகள் இருவரும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அவரை முறைத்தார்கள்.

பரஞ்சோதிக்கு ஐம்பத்தாறு வயது. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கியவர். முப்பது வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் விடியற்காலையில் எழுந்து, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு, நகரத்து ஏரி, குட்டை, சாக்கடை முகத்துவாரம் எல்லாவற்றின் கரையிலும் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பறவை பார்த்தவர். அடுக்ககம் முழுக்க அவருக்குப் 'பறவை சார்' என்று பெயர். வாத்துகள் வந்த நாளிலிருந்து அவருடைய வீட்டு அழைப்பு மணி ஓயவில்லை. இது என்ன சாப்பிடும், பொங்கல் வைக்கலாமா, கடிக்குமா, குழந்தைக்கு ஆகுமா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆனால் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போகும்போது அவருடைய ஹாலை ஒருமுறை நோட்டம் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஏனென்றால் நூற்றி நாலாம் எண் கொண்ட அவருடைய வீட்டுக்கு ஒரு வாத்துகூட வரவில்லை.

நூற்றி மூன்றில் நீந்திவரும் கூட்டம் அவர் வீட்டுச் சுவரை நெருங்கியதும் இடப்பக்கம் ஒடிந்து, கட்டிடத்தை விட்டு வெளியேறி, அவருடைய பால்கனிக்கு அப்பால் அந்தரத்தில் அரைவட்டம் அடித்து, நூற்றி ஐந்துக்குள் நுழைந்தது. காலையிலும் அப்படித்தான், சாயங்காலமும் அப்படித்தான். நூற்றி ஐந்தில் இருந்தவருக்குக் காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நாற்பது நீலச்சிறகி வாத்துகள் ராத்தங்கின.

"உங்களத் தெரியும் போல அதுங்களுக்கு" என்றாள் மனைவி கோமளா, அப்பளம் பொரித்துக்கொண்டே. "தெரு முனைல கடன்காரன் நின்னா சுத்திப் போவாங்கள்ல, அந்த மாதிரி போகுதுங்க."

"பேசாம இரு கோமளா."

"நான் பேசாம இருந்தா மட்டும் வந்துடப்போகுதா?"

கோமளா விளையாட்டாகச் சொன்னாள். பரஞ்சோதி அதைக் குற்றப்பத்திரிகையாக எடுத்துக்கொண்டார். தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர். தீர்ப்பு நாள் மட்டும் வருடா வருடம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

வழக்கு இதுதான். பதினாலு வருடத்துக்கு முன்னால், நகரத்து ஏரிகளில் நடந்த குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பில் அவருக்குக் கொக்கந்தாங்கல் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் போன நாள் போகிப் பண்டிகை. ஊரே பழைய பாயையும் டயரையும் தெருவில் போட்டுக் கொளுத்தியிருந்தது. ஏரிக்கரையில் நின்றவருக்குத் தன் பைனாகுலரின் முனைகூடத் தெரியவில்லை. புகைக்குள் இறக்கைச் சத்தம் கேட்டது, நூற்றுக்கணக்கில் கேட்டது, கண்ணுக்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் போன் செய்து, பழவேற்காட்டில் இதுவரை யாரும் பார்க்காத ஓர் உள்ளான் இறங்கியிருப்பதாகச் சொன்னார். பறவை பார்க்கிறவர்களின் வியாதி இது. கையருகே ஆயிரம் சாதாரண வாத்து இருந்தாலும், எங்கோ ஓர் அபூர்வம் என்றால் கால் நிற்காது. படிவத்தில் விதி தெளிவாக இருந்தது: பார்க்க முடியவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடவேண்டும், பார்த்து, ஒன்றும் இல்லை என்றால்தான் பூஜ்யம். காலியாக விட்டால் அடுத்த ஞாயிறு மறுபடியும் வரச்சொல்வார்கள். பரஞ்சோதி வண்டியை உதைப்பதற்கு முன்னால், பெட்ரோல் டாங்கின் மேல் படிவத்தை வைத்து, பதினெட்டுக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டார். பழவேற்காட்டு அபூர்வம், போய்ப் பார்த்தால், கால் முறிந்த சாதாரண உள்ளான்.

பிறகு அவருக்கு அது மறந்துபோயிற்று. ஐந்து வருடம் கழித்து, சதுப்பு நிலத்துக்குப் பக்கம் என்று ஆசைப்பட்டு இந்த வீட்டை வாங்கி, குடிவந்து, ஒரு மத்தியானம் பத்திர நகல்களைப் புரட்டியபோது, நாற்பத்தேழாம் பக்கத்தில் தன்னுடைய கையெழுத்தையே பார்த்தார். கட்டிடம் கட்ட அனுமதி தந்த உத்தரவு சொன்னது: பறவைகள் வராத இடம், எனவே ஏரி என்று கொள்ளத்தக்கதல்ல, ஆதாரம் இணைப்பு ஆறு. இணைப்பு ஆறில் பதினெட்டுப் பூஜ்யங்கள், கோழி முட்டைகள் மாதிரி வரிசையாக. பத்திரத்தை மடித்துப் பீரோவில் வைத்தவர் கோமளாவிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போதும் சொல்லாமலே காலத்தை ஓட்டியிருப்பார், கீழ்வீட்டு ஷம்ஷாத் மாத்திரம் இல்லையென்றால்.

ஷம்ஷாத் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவர். பரஞ்சோதியின் வீட்டுக்கு நேர் கீழே, நாலாம் எண் வீட்டில் தனியாக இருந்தார். மேல்வீட்டுத் தரையில் வாத்து இல்லை என்றால் கீழ்வீட்டுக் கூரையில் கால் எப்படி வரும்? கீழ்த்தளம் முழுக்கக் கூரையில் திருவிழா நடக்க, ஷம்ஷாத் வீட்டில் மட்டும் வெறும் சுண்ணாம்பு. ஒரு நாள் மேலே ஏறி வந்து கேட்டே விட்டார்.

"சார், எங்க வீட்டுக் கூரை மட்டும் மொட்டையா இருக்கு. ஐந்தாம் நம்பர்க்காரி காலைல போன் பண்ணி, 'அக்கா இன்னிக்கி முப்பது கால்'னு சொல்லிட்டு வச்சிடுறா. தாங்க முடியல. நீங்க எதாச்சும் பண்ணக் கூடாதா?"

"நான் என்னம்மா பண்றது? அதுங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். பத்து நாளில் அந்தத் தரை வெறுமையாக இருப்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது சங்கம்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு காலை, கீழ்த்தளத்துப் பொது ஹாலில் கூட்டம். தலைக்கு மேலே அறுபது எழுபது கால்கள் சாவகாசமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தன. செயலாளர் லாசரஸ் துறைமுகத்தில் கிரேன்காரர்களுக்குக் கத்திக் கத்தியே தொண்டை பெருத்தவர். மைக் இல்லாமலே தொடங்கினார்.

"விஷயம் ஒண்ணுதான். நம்ம பறவை சார் வீட்டுக்கு வாத்து வரல. முப்பது வருஷமா பறவையே கதின்னு கிடந்த மனுஷன். பாவம். ஏன் வரலன்னு கமிட்டி ஆராய்ஞ்சதுல, கீழ்வீட்டுக் கிச்சன் பக்கம் சந்தேகம் வருது."

"கிச்சன் பக்கமா?" என்றார் ஷம்ஷாத்.

நூற்றி மூன்றாம் வீட்டு அம்மாள் குரலில் சர்க்கரையைக் கரைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. யாரையும் சாப்பாட்ட வச்சு சொல்ற ஆளுங்க இல்ல நாங்க. ஆனா நீங்க ஒரு தடவ காடை பிரியாணி பண்ணீங்கள்ல? பறவைன்னா பறவைக்குத் தெரியும். வாத்து போற வரைக்கும் மட்டும் கொஞ்சம் சைவமா…"

"காடை பண்ணது போன ரம்ஜானுக்கு. சைபீரியாவுல இருக்கிற வாத்துக்கு யாரு தந்தி அடிச்சது? லாசரஸ் சார் வீட்டுல வாரம் மூணு நாள் வஞ்சிரம். அந்தப் புகைலதான் தட்டைவாயன் ரவுண்டு அடிக்குது. அவருக்கு நோட்டீஸ் கிடையாதா?"

"வஞ்சிரம் கடல் உணவும்மா" என்றார் லாசரஸ், கொஞ்சம் சுருதி குறைந்து. "அது வேற டிபார்ட்மெண்ட்."

கூட்டம் சிரித்தது. ஆனாலும் நோட்டீஸ் தட்டச்சு செய்யப்பட்டு மேஜைமேல் தயாராகக் கிடந்தது. எல்லார் முகமும் பரஞ்சோதியின் பக்கம் அனுதாபத்தோடு திரும்பியது. அந்த அனுதாபத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார். போகி, புகை, படிவம், பழவேற்காடு, நாற்பத்தேழாம் பக்கம் எல்லாவற்றையும், நடுவில் இரண்டு முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சொல்லி முடித்தார்.

"அந்தம்மா கிச்சன் இல்ல. நான்தான். பூஜ்யம் போட்டவன் வீட்டுக்கு எந்த வாத்து வரும்? நான் திருத்தி எழுதிக் கொடுத்துடறேன். இங்க எத்தன இருக்கோ அத்தனையும் எண்ணிக் கொடுத்துடறேன்."



"சார், அப்ப நாம ஏரிக்குள்ளயா இருக்கோம்?" என்றார் நூற்றி ஐந்தாம் வீட்டுக்காரர்.

"மேல பாருய்யா" என்றார் ஷம்ஷாத்.

"மேல இருக்கிறது இருக்கட்டும்" என்று லாசரஸ் கையை உயர்த்தினார். "வாத்து இருக்கலாம். எங்களுக்கு ஆட்சேபணையே இல்ல. கணக்குதான் இருக்கக் கூடாது. பரஞ்சோதி சார், நீங்க எழுதிக் கொடுத்தா நாளைக்கு ஒருத்தன் ஏரிய அளக்க டேப்பு எடுத்துட்டு வருவான். இந்தாங்க, நோட்டீஸ கிழிச்சிடறேன். நீங்களும் உக்காருங்க. இன்னிக்கி நீங்க எதுவும் பேசல."

கிழித்தார். பிறகு நீலத்தாமரை அடுக்கக வளாகத்தில் நீர்ப்பறவைகள் எவையும் இல்லை என்ற தீர்மானம், எழுபது கால்களுக்குக் கீழே, கைதூக்கி ஒருமனதாக நிறைவேறியது. கை தூக்கும்போது இரண்டு மூன்று பேர் வாத்தின்மேல் பட்டுவிடாமல் பார்த்துத்தான் தூக்கினார்கள். தூக்காதவர்கள் இரண்டு பேர். அவர்களை எண்ண வேண்டாம் என்று லாசரஸ் சொல்லிவிட்டார்.

படியேறும்போது ஷம்ஷாத் பின்னாலேயே வந்தார். "பதினாலு வருஷமா வயித்துக்குள்ளயா வச்சிருந்தீங்க? கிட்னிக் கல்லுகூட இதுக்குள்ள கரைஞ்சு போயிருக்கும்."

"நோட்டீஸ் போயிடுச்சில்லம்மா. அது போதாதா?" என்றார் பரஞ்சோதி. அவருக்குள் இருந்த வக்கீல் இந்த வாதத்தை ஏற்கெனவே தயார் செய்துவிட்டிருந்தான். ஷம்ஷாத்தின் மேல் பழி இல்லை, அடுக்ககத்துக்கு ஆபத்து இல்லை, எல்லாரும் சுகம். வாயை மூடிக்கொள்வது இப்போது பெருந்தன்மையாகவே ஆகிவிட்டது.

"இந்த நோட்டீஸ் போச்சு. அடுத்த வருஷம் வாத்து ஒருத்தன் காலைக் கொத்தும். அப்ப என் குழம்புல என்ன போட்டேன்னு வந்து பாப்பாங்க. உங்க கணக்க நீங்க சரி பண்ணாத வரைக்கும் என் கிச்சன்தான் சார் கணக்கு."

மறுநாளே கணக்கெடுப்பு தொடங்கியது. யாரும் கதவைத் திறக்கவில்லை. பரஞ்சோதி எதிர்ச் சாரியில் நின்று, ஜன்னல் ஜன்னலாக பைனாகுலரால் வீட்டுக்குள் பார்த்தார். அரைமணி நேரத்தில், பறவை சார் படுக்கையறைகளை எட்டிப் பார்க்கிறார் என்று வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்து, அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய ஒழுக்கத்துக்குச் சாட்சியாக ஷம்ஷாத் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் அட்டை எழுதிய கை, பிசகாது. "நூத்தி ரெண்டு, ஹால், டிவிக்குக் கீழ, ஊசிவால் ஒன்பது" என்று பரஞ்சோதி சொல்ல, ஷம்ஷாத் எழுதினார். "நூத்தி மூணு, பெட்ரூம். வேண்டாம், அம்மா புடவை மாத்துறாங்க" என்று பரஞ்சோதி பைனாகுலரை இறக்க, ஷம்ஷாத் கையை நீட்டி வாங்கிப் பார்த்து, "புடவை பக்கத்துல நாமக்கோழி பதினாலு" என்று தானே எழுதிக்கொண்டார். கோமளா பால்கனியில் நின்றபடி, "ரெண்டு பேரும் சாப்ட வந்துட்டுப் போய் வெக்கமில்லாம பாருங்க" என்று கத்தினாள். நான்கு நாள் எண்ணினார்கள். எண்ணூற்று அறுபத்திரண்டு. எண்ணத் தெரிந்த எல்லாரையும்போல, சரியாகத்தான் எண்ணினோமா என்ற சந்தேகத்தோடு பரஞ்சோதி கையெழுத்திட்டு, பதினாலு வருடத்துக்கு முந்தின படிவம் பொய் என்ற கடிதத்தையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

உலகம் இடியவில்லை. டேப்போடு இரண்டு பேர் வந்தார்கள், ஒரு வாத்தை வால் முதல் அலகு வரை அளந்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். ஏரி நிலம் என்று வழக்குப் போட்டாலும் அது முடிய இருபது வருடம் ஆகும் என்று லாசரஸ் ஒரு வக்கீலிடம் விசாரித்துவந்து அறிவித்த பிறகு அடுக்ககம் நிம்மதியாக மூச்சு விட்டது. ஆனால் பரஞ்சோதியோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. லிஃப்ட்டில் அவர் ஏறினால் மற்றவர்கள் படியில் போனார்கள். கோமளாவுக்குக் கோலப்பொடி இரவல் தர ஆள் இல்லை. வாத்துகளும் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. நூற்றி மூன்று, இடப்பக்கம், அந்தரம், நூற்றி ஐந்து. தை போனது. மாசி போனது. வெயில் ஏறியதும் கூட்டம் கூட்டமாக ஜன்னல் வழியே எழும்பி வடக்கே போய், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அடுக்ககம் முழுக்கத் தரை தரையாகவும் கூரை கூரையாகவும் மட்டும் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று தான் இத்தனை நாள் எதிர்பார்த்திருந்ததைப் பரஞ்சோதி அன்றுதான் கண்டுபிடித்து, தன்மேல் புதிதாக ஒரு வழக்குப் பதிவு செய்துகொண்டார்.

பங்குனி பிறந்து எட்டாம் நாள், மத்தியானம், ஷம்ஷாத் போன் செய்தார்.

"சார், கொஞ்சம் கீழ வாங்க. ஓடி வராதீங்க. நடந்து வாங்க."

போனார். ஷம்ஷாத்தின் ஹாலில், சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே, கூரையிலிருந்து ஒரு தலை தொங்கியது. காபிக்கொட்டை நிறம், கழுத்தோரம் ஒரு வெள்ளைக் கோடு. ஊசிவால் வாத்து, ஆண். ஊரெல்லாம் வடக்கே போன பிறகு வழி தவறியதோ, சோம்பலோ, ஒற்றையாக மிஞ்சியிருந்தது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, தலைகீழாக, மேஜைமேல் ஆவி பறக்கும் தால்சாக் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே பால்கனியிலிருந்து கோமளாவின் குரல் தெருவையே எழுப்பியது. "ஏங்க! நம்ம ஹால் நடுவுல ஒரு வால் நட்டுக்கிட்டு நிக்குது! எங்க போய்த் தொலஞ்சீங்க?"

பரஞ்சோதி வாசல் பக்கம் ஓரடி வைத்தார். பிறகு திரும்பினார்.

"போங்க சார்" என்றார் ஷம்ஷாத். "உங்க வீட்டுக்கு வந்திருக்கு."

"வால்தான அங்க இருக்கு. தலை உங்க வீட்டுலதான் இருக்கு. உங்க தால்சா வாசனைக்கு வந்திருக்கு."

"அப்ப எண்ணி எழுதுங்க."

"பாதிதாம்மா தெரியுது. பாதிய எழுதலாமான்னு விதில இல்ல."

"மேல் பாதிய உங்க வீட்டம்மா எண்ணட்டும். கீழ் பாதிய நான் எண்ணிக்கிறேன். நீங்க சும்மா நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஷம்ஷாத் ஒரு கிண்ணத்தில் தால்சாவை ஊற்றிக்கொண்டு ஸ்டூலின்மேல் ஏறி, கூரையை நோக்கி நீட்டினார்.

வாத்து அலகை முக்கியது. யோசித்தது. உப்பு போதாது என்பதுபோலத் தலையைப் பலமாக உதறியது. பரஞ்சோதியின் கண்ணாடி முழுக்கத் தெறித்து ஒன்றும் தெரியவில்லை. அவர் துடைக்கவில்லை. அலகு மறுபடியும் கிண்ணத்துக்குள் போய்ச் சளப் சளப் என்று சலிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.